93 நிமிடம் என்றால் என்ன? ஃபோர்டு அசெம்பிளி லைனை மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தது

ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் நடத்துகிற எந்த வகுப்பிலும் ஃபோர்டு கதை வந்துவிடும். 1913-14ல் கார் அசெம்பிளி நேரம் 12 மணியிலிருந்து 93 நிமிடமாகக் குறைந்தது என்று ஒரு வரி சொல்வார்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள், அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரியோடு எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. வரியில் பொய் இல்லை. ஆனால் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் அதைத் தவறாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். காலையில் வேலை ஆரம்பித்த கார் முன்பெல்லாம் இரவில்தான் வெளியே வந்தது, பிறகு ஒன்றரை மணி நேரத்தில் வந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த எண்கள் சொல்வது அதை அல்ல. ஒரு காருக்கு மொத்தம் எத்தனை ஆள்-நேரம், அதாவது அதில் வேலை செய்த எல்லாருடைய நேரத்தையும் கூட்டினால் எவ்வளவு, செலவானது என்பதை மட்டும்தான் அவை சொல்கின்றன. கார் லைனில் எவ்வளவு நேரம் இருந்தது, எத்தனை நொடிக்கு ஒரு கார் வெளியே வந்தது என்பவை வேறு வேறு கேள்விகள், மூன்றுக்கும் விடை வேறு வேறு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் ஆபரேஷன்ஸில் பாதி அடிப்படை கைக்கு வந்த மாதிரி. அதனால் இந்த கேஸை எண்களோடு முழுதாகப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

லைன் வருவதற்கு முன்

ஃபோர்டின் மாடல் டி கார் 1908ல் வந்தது. ஃபோர்டு நிறுவனமே வெளியிட்ட கணக்குப்படி 1909-10ல் விலை 950 டாலர், தயாரானவை 18,664. அடுத்த ஆண்டு 780 டாலர், 34,528 கார். அதற்கடுத்து 690 டாலர், 78,440. 1912-13ல் 600 டாலர், 1,68,220.

இந்த வரிசையை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். மூன்றே ஆண்டுகளில் உற்பத்தி ஒன்பது மடங்கு. ஆனால் சேசிஸை, அதாவது காரின் அடிச்சட்டத்தை, நகர்த்திக்கொண்டே பாகங்களைப் பொருத்துகிற லைன் சரியாக ஓட ஆரம்பித்தது 1913 அக்டோபரில்! அதாவது இந்த ஒன்பது மடங்கு வளர்ச்சி கிட்டத்தட்ட முழுவதும் அந்தப் புகழ்பெற்ற லைன் இல்லாமலே நடந்திருக்கிறது. அப்படியானால் எதனால் நடந்தது?

முதலாவது, ஒரே ஒரு மாடல். இரண்டாவது, ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடிய பாகங்கள். பாகம் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமாக வந்தால், பொருத்துகிறவர் அரத்தை எடுத்துத் தேய்த்துத் தேய்த்துத்தான் பொருத்த முடியும். அந்த வேலைக்கு இவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, ஒன்றுக்கு இரண்டு நிமிடம் ஆகும், இன்னொன்றுக்கு இருபது ஆகும். அளவு மாறாத பாகம் வந்த பிறகுதான் வேலையின் நேரம் ஒரு நிலைக்கு வந்தது. மூன்றாவது, மெஷின்களை வைத்த விதம். பொதுவாக லேத்துகளெல்லாம் ஒரு பக்கம், டிரில்லிங் மெஷின்களெல்லாம் இன்னொரு பக்கம் என்று ஆலைகளில் வைப்பார்கள், பாகம் இங்கும் அங்கும் அலையும். டெட்ராய்ட்டை ஒட்டி 1910ல் திறந்த ஹைலேண்ட் பார்க் ஆலையில் வேலை நடக்கிற வரிசைப்படி மெஷின்களை வைத்தார்கள். ஒரு பாகத்துக்கு முதலில் துளை, பிறகு கடைசல் என்றால் மெஷின்களும் அதே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஆல்பர்ட் கான் வடிவமைத்த, வெளிச்சமும் விசாலமும் உள்ள அந்தக் கட்டடம் இதற்கு இடம் கொடுத்தது.

இதையெல்லாம் செய்யாமல் நேரே கன்வேயர் பெல்ட் வாங்கிப் போட்டால் என்ன ஆகும்? நேரம் நிலையில்லாத வேலையை நகரும் லைனில் ஏற்றினால் லைன் நின்று நின்றுதான் போகும். பெல்ட் முதல் படி இல்லை, கடைசிப் படி.

மேக்னெட்டோ: 20 நிமிடம் எங்கே போனது

மாடல் டி எஞ்சினின் ஃப்ளைவீலில் 16 காந்தங்களைப் பொருத்திச் செய்கிற மேக்னெட்டோ ஒன்று உண்டு, எஞ்சினுக்குத் தீப்பொறி தருவது அதுதான். 1913 வசந்த காலம் வரைக்கும் ஒரு தொழிலாளி ஒரு பெஞ்சில் நின்று முழு மேக்னெட்டோவையும் தானே செய்தார், ஒன்றுக்கு ஏறக்குறைய 20 நிமிடம். ஏப்ரலில் அந்த வேலையை 29 துண்டாக்கினார்கள். 29 பேர் வரிசையாக நின்று ஆளுக்கு ஒரு சின்ன வேலை செய்து பக்கத்து ஆளிடம் தள்ளிவிட, ஒன்பது மணி நேரத்தில் 1,188 வந்தது. கணக்குப் போட்டால் ஒன்றுக்கு 13 நிமிடம் 10 நொடி ஆள்-நேரம்.

நல்ல முன்னேற்றம், சரி. பெரும்பாலான பாடங்கள் இங்கே நிறுத்திவிடும். இந்த கேஸில் எனக்குப் பிடித்த பகுதியே இதற்கு அப்புறம்தான் வருகிறது.

1914 ஆரம்பத்தில் லைனை 8 அங்குலம் உயர்த்தினார்கள். குனிந்து குனிந்து வேலை செய்தது நின்றது. கையால் தள்ளுவதற்குப் பதில் சங்கிலி போட்டு நகர்த்தினார்கள். சங்கிலியின் வேகத்துக்கு யாரிடமும் சூத்திரம் இல்லை. நிமிடத்துக்கு 60 அங்குலம் வைத்துப் பார்த்தார்கள், மிக அதிகம். 18 வைத்தார்கள், மிகக் குறைவு. கடைசியில் 44ல் வந்து நின்றார்கள். ஆள்-நேரம் ஏழு நிமிடத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. பிறகு ஆட்களைக் குறைத்து 14 பேரோடு ஓட்டியபோது எட்டு மணி நேரத்தில் 1,335 வந்தது, ஒன்றுக்கு 5 நிமிடம்.

இப்போது இதைக் கொஞ்சம் தோண்டுவோம். 29 பேர் இருந்தபோது 540 நிமிடத்தில் 1,188 என்றால் 27 நொடிக்கு ஒன்று. 14 பேர் இருந்தபோது 480 நிமிடத்தில் 1,335 என்றால் 22 நொடிக்கு ஒன்று. அதாவது ஆள் பாதியாகக் குறைந்தும் லைன் வேகமாக ஓடியிருக்கிறது. 14 ஆளுக்கு 22 நொடி வீதம் பெருக்கினால் சுமார் 300 நொடி வருகிறது, அந்த வேலைக்கு உண்மையில் தேவைப்பட்ட நேரம் அதிகபட்சம் அவ்வளவுதான். அதே 300 நொடியை 29 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குப் பத்து நொடிச் சொச்சம். ஆனால் 29 பேரும் 27 நொடிக்கு ஒரு முறைதான் அடுத்த மேக்னெட்டோவைத் தொட்டார்கள். மீதி 16, 17 நொடி?

குனிவது, நிமிர்வது, தள்ளுவது, பக்கத்து ஆள் முடிக்கட்டும் என்று காத்திருப்பது. அதில்தான் போயிருக்கிறது. யாரும் சோம்பேறியாக இருந்ததால் அல்ல. வேலையை 29 துண்டாக வெட்டும்போது துண்டுகள் சமமாக விழாது. ஒரு துண்டு 27 நொடி, பக்கத்துத் துண்டு 8 நொடி என்று விழுந்தால் மொத்த லைனும் 27 நொடிக்காரரின் வேகத்தில்தான் போகும், 8 நொடிக்காரர் மீதி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்த 27 நொடிக்காரர் நிற்கிற இடத்தைத்தான் இன்றைக்கு பாட்டில்நெக் என்கிறோம். துண்டுகளை ஏறக்குறைய சமமாகப் பிரித்துக் கொடுப்பதற்குப் பெயர் லைன் பேலன்ஸிங். வேறு எங்கேயும் கை வைக்காமல் இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பல இடங்களில் ஆள் சேர்க்காமல் உற்பத்தி கூடும், ஆனால் ஏனோ முதலில் எல்லாரும் "இன்னும் ரெண்டு பேர் போடுங்க" என்றுதான் கேட்கிறார்கள்.

ஒன்பது மணி நேரத்தில் நான்கு மணி நேரம் நடை

இன்னொரு சின்ன இடத்தையும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் சேர்க்கிற வேலை. ஒன்றுக்கு மூன்று நிமிடம் ஆகும், மிகச் சுலபமான வேலை, இதில் குறைக்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். 28 பேர் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு ஃபோர்மேன் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு நின்று பார்த்தார். பிஸ்டனை எடுக்க ஒரு நடை, ராடை எடுக்க ஒரு நடை, முடித்ததை வைக்க ஒரு நடை. கூட்டிப் பார்த்தால் ஒன்பது மணி நேர வேலை நாளில் நான்கு மணி நேரம் நடையிலேயே போகிறது.

அவர் செய்தது பெரிய விஷயம் எதுவும் இல்லை. வேலையை மூன்றாகப் பிரித்தார், பெஞ்சின் மேல் ஒரு சறுக்குப் பலகை வைத்தார், இரண்டு பக்கமும் மும்மூன்று பேரை நிறுத்தினார், கடைசியில் ஒரு இன்ஸ்பெக்டர். ஏழு பேர் கொண்ட ஒரு குழு எட்டு மணி நேரத்தில் 2,600 செய்தது. 28 பேர் செய்த வேலைக்கு 14 பேர் போதும் என்று ஆகிவிட்டது. மோட்டாரும் இல்லை, சங்கிலியும் இல்லை, ஒரு சறுக்குப் பலகைதான்.

இதில் கவனிக்க வேண்டியது, பிஸ்டனைச் செருகுகிற கை அதற்கு முன்பும் அதே வேகத்தில்தான் செருகியது என்பது. வேலையின் வேகம் கூடவில்லை, வேலைகளுக்கு நடுவில் கிடந்த நேரம்தான் வெளியேறியது. ஒரு இடத்தில் உற்பத்தி குறைவு என்றால் மேலாளரின் கண் உடனே கைகளின் மேல் போகிறது, கால்களின் மேல் போவதில்லை.

சேசிஸ்: அந்த 12 மணி 28 நிமிடம்

1913 ஆகஸ்டில் நிலைமை இப்படி இருந்தது. சேசிஸ் தரையில் அசையாமல் இருக்கும், ஆட்கள் அதைத் தேடி வருவார்கள். 250 அசெம்பிளர்கள், அவர்களுக்குப் பாகங்களைச் சுமந்துகொண்டு வந்து கொடுக்க 80 பேர். ஒன்பது மணி நேரம் வீதம் 26 நாள் வேலை, மொத்தம் 6,182 சேசிஸ். 330 பேர், 9 மணி, 26 நாள் என்று பெருக்கினால் 77,220 ஆள்-மணி, அதை 6,182ஆல் வகுத்தால் பன்னிரண்டரை மணி. பிரபலமான 12 மணி 28 நிமிடம் இதுதான். சுமக்கிற 80 பேரை விட்டுவிட்டு 250 பேருக்கு மட்டும் கணக்குப் போட்டால் ஒன்பதரை மணி நேரம்தான் வரும். அதாவது பழைய முறையில் நான்கில் ஒருவர் எதையும் பொருத்தவே இல்லை, சுமந்துகொண்டிருந்தார்.

முதல் சோதனை ரொம்ப எளிமையானது. ஒரு கயிறு, அதைச் சுற்றி இழுக்க ஒரு வின்ச், 250 அடி தூரம். சேசிஸைக் கயிற்றால் மெதுவாக இழுக்க, ஆறு அசெம்பிளர்கள் அதன் கூடவே நடந்தபடி, வழியில் குவித்து வைத்திருந்த பாகங்களை எடுத்துப் பொருத்தினார்கள். ஆள்-நேரம் 5 மணி 50 நிமிடமாகக் குறைந்தது. பாதிக்கும் மேல் குறைந்திருக்கிறது, இன்னும் வேலையைப் பிரிக்கக்கூட இல்லை! பாகம் ஆளுக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். நான் ஒரு இடத்தில் மாற்றம் செய்ய வேண்டுமென்றால் இந்தக் கயிற்றைத்தான் முதலில் நினைப்பேன். பெரிய முதலீட்டைப் போடுவதற்கு முன்னால் சல்லிசாக ஒரு சோதனை, ஓடுகிறதா இல்லையா என்று இரண்டே நாளில் தெரிந்துவிடும்.

அக்டோபர் 7ல் ஆட்களை ஓரிடத்தில் நிறுத்தி சேசிஸை அவர்களைத் தாண்டிப் போக வைத்தார்கள். 150 அடி லைன், 140 பேர், ஒன்பது மணி நேரத்தில் 435. ஒன்றுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. டிசம்பரில் லைனை 300 அடியாக நீட்டினார்கள், 177 பேர், 606 சேசிஸ், 2 மணி 38 நிமிடம். 1914 ஜனவரியில் கையால் தள்ளுவது போய் முடிவில்லாச் சங்கிலி வந்தது. ஏப்ரல் 30ல் மூன்று லைன்களில் எட்டு மணி நேரத்தில் 1,212 சேசிஸ், ஆள்-நேரம் 1 மணி 33 நிமிடம்.

சரி, இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். 93 நிமிடம் ஆள்-நேரம். கார் லைனில் இருந்தது எவ்வளவு நேரம்?

1,212ஐ மூன்று லைனுக்குப் பிரித்தால் லைனுக்கு 404. எட்டு மணி நேரம் 28,800 நொடி. ஆக ஒவ்வொரு லைனிலிருந்தும் 71 நொடிக்கு ஒரு சேசிஸ் வெளியே வந்தது. இது சைக்கிள் டைம். லைனில் 45 ஸ்டேஷன்கள், அதாவது ஆட்கள் நின்று வேலை செய்கிற இடங்கள். ஒவ்வொன்றிலும் 71 நொடி என்றால் மொத்தம் 53 நிமிடம். இன்னொரு வழியாகவும் சரிபார்க்கலாம். சேசிஸ் நிமிடத்துக்கு 6 அடி வேகத்தில் நகர்ந்தது, லைன் 300 அடி என்று வைத்துக்கொண்டால் 50 நிமிடம். இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. ஆக ஒரு சேசிஸ் லைனில் ஏறி இறங்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, 50 நிமிடச் சொச்சம்தான். ஸ்டேஷன் ஒன்றுக்கு சராசரியாக ஒருவருக்கு மேல் ஆள் இருந்ததால்தான் ஆள்-நேரம் 93 நிமிடமாக வருகிறது.

எந்த நேரத்திலும் ஒரு லைனில் எத்தனை சேசிஸ் இருந்திருக்கும்? 50 நிமிடத்தை 71 நொடியால் வகுத்தால் 42. ஓடிக்கொண்டிருக்கிற எந்த அமைப்பிலும் உள்ளே இருக்கிற எண்ணிக்கை, வெளியே வருகிற வேகத்தையும் உள்ளே இருக்கிற நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும் என்பது ஒரு விதி. ஜான் லிட்டில் 1961ல் இதற்குக் கணித நிரூபணம் கொடுத்தார், அதனால் லிட்டில் விதி என்று பெயர். ஆஸ்பத்திரி வரிசையாக இருந்தாலும் சாஃப்ட்வேர் டிக்கெட்டாக இருந்தாலும் கிடங்கில் இருக்கிற சரக்காக இருந்தாலும் இதே விதி. மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும். உள்ளே ஏற்கெனவே 200 வேலை கிடக்கிறது, ஒரு நாளைக்கு 10 முடிகிறது என்றால் இன்றைக்கு உள்ளே போகிற வேலை 20 நாள் கழித்துத்தான் வெளியே வரும். "அவசரம்" என்று மேலே சிவப்பு மையில் எழுதினாலும் அந்தச் சராசரி மாறாது, வேறு யாருடைய வேலையோ பின்னுக்குப் போகும், அவ்வளவுதான்.

லைன் திருப்பிக் கேட்ட விலை

பழைய முறையில் ஒரு ஆளுக்குப் பாகம் வரவில்லை என்றால் அந்த ஒரு கார் நிற்கும். லைனில் ஒரு ஸ்டேஷன் நின்றால் 45ம் நிற்கும். ஒரு உத்தேசக் கணக்கு போடுகிறேன்: ஒவ்வொரு ஸ்டேஷனும் 99 சதவீத நேரம் ஒழுங்காக ஓடுகிறது, நடுவில் இருப்பு எதுவும் இல்லை, ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், மொத்த லைனும் ஓடுகிற நேரம் 0.99ஐ 45 தடவை பெருக்கினால் வருவது, அதாவது 64 சதவீதத்துக்குள். ஒரு சதவீதக் கோளாறு தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, வரிசையில் நின்றால் மூன்றில் ஒரு பங்கு நேரத்தைத் தின்றுவிடும். அதனால் லைன் வந்த பிறகு மெஷின் பராமரிப்பும் பாகம் வந்து சேர்வதும் பக்க வேலையாக இருக்க முடியாது, அவைதான் முக்கிய வேலை.

ஆனால் ஃபோர்டு ஆலையில் பெரிதாக அடி விழுந்தது மெஷினில் இல்லை. ஆட்களில். போல்ட்டைச் செருகுகிறவர் நட்டைப் போடுவதில்லை, நட்டைப் போடுகிறவர் அதை இறுக்குவதில்லை. நாள் முழுக்க 71 நொடிக்கு ஒரு முறை அதே ஒரு அசைவு. ஜனங்கள் தாங்கவில்லை, விட்டுவிட்டுப் போனார்கள். 1913ல் ஆட்கள் மாறுகிற விகிதம் 370 சதவீதம். சுமார் 14,000 பேர் வேலை செய்கிற ஆலையை நடத்த ஒரே ஆண்டில் 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு முடிவில் ஆள்பலத்தில் 100 பேரைக் கூட்ட வேண்டுமென்றால் 963 பேரை எடுக்க வேண்டும் என்கிற நிலை. தினமும் பத்தில் ஒருவர் வரவில்லை.

மேலே போட்ட 99 சதவீதக் கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். தினமும் பத்து சதவீதம் ஆள் வராத, வந்தவர்களிலும் பாதிப்பேர் புதிதாகச் சேர்ந்த ஒரு லைன் எப்படி 71 நொடிக்கு ஒன்று என்று ஓடும்? பாட்டில்நெக் நகர்ந்துவிட்டது. முதலில் பொருத்துவதில் இருந்தது, பிறகு பாகங்கள் வந்து சேர்வதில், கடைசியில் காலையில் கேட்டுக்கு வெளியே எத்தனை பேர் வந்து நிற்கிறார்கள் என்பதில்.

1914 ஜனவரி 5ல் ஐந்து டாலர் நாள் கூலி அறிவித்தார்கள். அதுவரை குறைந்தபட்சம் 2.34 டாலர். வேலை நேரமும் ஒன்பதிலிருந்து எட்டு மணியானது, எட்டு எட்டு மணியாக மூன்று ஷிப்ட் வைக்க முடிந்தது. ஆலை வாசலில் வேலை தேடி ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது, ஒரு வாரம் கழித்து உறைபனிக் குளிரில் அந்தக் கூட்டத்தின் மேல் தீயணைப்புக் குழாயால் தண்ணீர் அடித்துக் கலைத்தார்கள். எத்தனை முறை படித்தாலும் மனசு கஷ்டப்படுகிற இடம் அது.

ஆட்கள் மாறுகிற விகிதம் 1914ல் 54 சதவீதமாகவும் 1915ல் 16 சதவீதமாகவும் இறங்கியது. இந்தக் கூலி உயர்வைச் சிலர் தர்ம காரியமாகவும் சிலர் விளம்பரமாகவும் பார்க்கிறார்கள். என் பார்வையில் அது முதலில் ஒரு ஆபரேஷன்ஸ் முடிவு. லைனுக்கு நிலையான ஆள் வேண்டும், நிலையின்மைக்கு ஆகிற செலவைவிட இரட்டைக் கூலி மலிவு. அதற்காக அதை மெச்சிக்கொண்டே போக வேண்டியதில்லை. ஐந்து டாலரில் பாதிக்கு மேல் லாபப் பங்கு என்று பெயரிட்டு நிபந்தனையோடு வைத்தார்கள். அதைப் பெறத் தகுதி உண்டா என்று பார்க்க விசாரணையாளர்கள் தொழிலாளியின் வீட்டுக்கே போய் எப்படிக் குடித்தனம் நடத்துகிறார் என்று துருவினார்கள். பெண்களுக்கு ஆரம்பத்தில் அது கிடையாது. லைனின் ஒழுங்கு ஆலை மதிலைத் தாண்டி வீட்டுக்குள் போனது தப்புதான், உற்பத்தி எவ்வளவு கூடியிருந்தாலும்.

இதில் ஆய்வு செய்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டிய ஒன்று உண்டு. டிசம்பரின் 2 மணி 38 நிமிடத்திலிருந்து ஏப்ரலின் 93 நிமிடத்துக்கு வந்தது எதனால்? நடுவில் சங்கிலி வந்தது, லைன் உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, கூலி இரட்டிப்பானது, ஆட்கள் நிலைத்தார்கள். எல்லாம் நான்கு மாதத்துக்குள். இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இந்த எண்களால் முடியாது. "கன்வேயர் போட்டார்கள், நேரம் குறைந்தது" என்று ஒற்றைக் காரணத்தில் முடிக்கிறவர்கள் அவசரப்படுகிறார்கள்.

இறுகிப்போன லைன்

இதே லைன் பின்னால் கழுத்தைப் பிடித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே மாடலுக்கென்று செய்த மெஷின்கள், ஒரே மாடலுக்கென்று வெட்டிய வேலைத் துண்டுகள். 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறம் மட்டும்தான். விலை இறங்கிக்கொண்டே போனது, 1920களின் நடுவில் மிக மலிவான வகை 260 டாலருக்கு வந்தது. ஆனால் அதற்குள் வாங்குகிறவர்களின் மனம் மாறிவிட்டது, மூடிய பாடி வேண்டும், நிறம் வேண்டும், புதிது வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே அதைக் கொடுத்தது. 1927 மே 26ல் ஒன்றரைக் கோடியாவது மாடல் டி வெளியே வந்தது, அதோடு நிறுத்தினார்கள். அடுத்து வர வேண்டிய மாடல் ஏ டிசம்பரில்தான் அறிமுகமானது. நடுவில் சுமார் ஆறு மாதம் விற்கப் புது கார் இல்லை, ஏனென்றால் பழைய மெஷின்களில் பெரும்பகுதி புது மாடலுக்கு ஒத்துவரவில்லை.

அளவு வேண்டுமா, வகை வேண்டுமா என்பதுதான் இங்கே கேள்வி. ஒரே பொருள், ஏராளமான எண்ணிக்கை என்றால் இறுக்கமான லைன் ஈடு இணையில்லாதது. வகைகள் பல, ஒவ்வொன்றும் கொஞ்சம் என்றால் அதே லைன் சுமை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி, அதாவது பாகங்களுக்கு வடிவம் கொடுக்கிற மெஷின் அச்சுகளைச் சட்டென்று மாற்றிச் சின்னச் சின்னத் தொகுதியாக ஓட்டுவது, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டொயோட்டாவில் உருவானது. அவர்களிடம் ஃபோர்டு அளவுக்கு எண்ணிக்கையும் இல்லை, இருப்பு வைக்கப் பணமும் இல்லை, வேறு வழியே இல்லாமல்தான் அங்கே போனார்கள். அது தனி கேஸாக எழுத வேண்டிய விஷயம்.

வகுப்பில் எடுக்கிறவர்களுக்கு ஒரு யோசனை

93 நிமிடத்தை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். ஆகஸ்ட் எண்களை மட்டும் கொடுங்கள்: 250 பேர், 80 பேர், 26 நாள், 9 மணி, 6,182. எவ்வளவு நேரம் என்று அவர்களே வகுத்துப் பார்க்கட்டும், 80 பேரைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று சண்டை போடட்டும், அந்தச் சண்டையிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும். அதற்கப்புறம் மேக்னெட்டோவின் 29 பேரையும் 14 பேரையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள், மீதி 15 பேர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேளுங்கள். "சும்மா நின்றார்கள்" என்று யாராவது சொன்னால் அவரை எழுப்பி, தரையில் இருக்கிற ஒரு பொருளை 27 நொடிக்கு ஒரு முறை குனிந்து எடுத்துப் பக்கத்து ஆளிடம் கொடுக்கச் சொல்லுங்கள், பத்து நிமிடம் போதும். ஹைலேண்ட் பார்க்கில் கடைசியில் சேசிஸ் லைன்களை இரண்டு உயரத்தில் வைத்தார்கள், ஒன்று தரையிலிருந்து இருபத்தாறே முக்கால் அங்குலம், இன்னொன்று இருபத்து நாலரை அங்குலம், உயரமான ஆட்களுக்கு ஒன்று, குள்ளமான ஆட்களுக்கு ஒன்று. அந்த இரண்டேகால் அங்குலத்தை எதற்காகப் பார்த்தார்கள் என்று, பத்து நிமிடம் குனிந்து நிமிர்ந்த அவரிடமே கேளுங்கள்.